பேச்சுக்குத் தள்ளுபடி

காட்பாடி
9.10.2025

லில்லிக்கு பெலிக்ஸ் அண்ணன் எழுதுவது.

இனிமேல் உன்னிடம் ஒரு வார்த்தை பேசினால் நான் நைனாவுக்குப் பிறந்தவன் இல்லை என்று உன் வாசலில் நின்று சொன்னேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ எஸ்தருக்குப் போன் செய்து அழுததாகச் சொன்னாள். "அழுது அழுது கண்ணீரே வத்திப்போச்சு அண்ணி" என்றாயாம். சொல்லிவிட்டு மறுபடியும் அழுதாயாம். வற்றிய பிறகு எப்படி வந்தது என்று கேட்கச் சொன்னேன். எஸ்தர் என்னை முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். தப்பு எங்கே என்று நீயே காட்டு. போன ஞாயிற்றுக்கிழமை அமலாவைப் பெண் பார்க்க அவலூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். தாய்மாமன் இல்லாமல் முடியாது என்று கூப்பிட்டாய், செஞ்சிக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அப்பா அருளானந்தம் ஐயா என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க கையெழுத்து இல்லாம காட்பாடியில ஒரு ரயிலும் நகராதாமே, தங்கச்சி சொன்னாங்க" என்றார். "இல்லைங்க, நான் கேட் கீப்பரு. ரயில் வரும்போது ரோட்டு கேட்டை மூடுறது என் வேலை" என்றேன். அவர் வீட்டு அம்மா வெரோனிகா, "பொண்ணு அதிர்ந்து ஒரு சொல்லு பேசாதாமே" என்றார்கள். "கோவம் வந்தா ரெண்டு நாளு பேசமாட்டா. மூணாவது நாளு நல்லாவே பேசுவா" என்றேன். சமையலைக் கேட்டார்கள். "சுமாரா செய்வா. ரசம் நல்லா வெப்பா" என்றேன்.

இதில் எது பொய்?

அவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு, "கலந்து பேசிட்டு சொல்றோம்" என்று எழுந்தார்கள். அவர்கள் கார் தெரு தாண்டுவதற்குள், நான் செத்தால் என் பிணத்தைப் பார்க்கக்கூட வராதே என்று நீ கத்தினாய். பதிலுக்கு நானும் சொன்னேன்.

அது போகட்டும். ஒன்றை மட்டும் கேட்கிறேன். இத்தனை வருடமாக வெயிலிலும் மழையிலும் அந்தக் கேட்டில்தான் நிற்கிறேன். ஒரு மாடுகூட என் கேட்டில் அடிபட்டது இல்லை. அண்ணன் கேட் கீப்பர் என்று சொல்ல உனக்கு வெட்கமாக இருந்ததா? இருந்தது என்றால் இருந்தது என்று எழுது.

பெலிக்ஸ்

*

செஞ்சி
14.10.2025

அண்ணா,

உன் லெட்டரைப் படித்து எனக்குத் தலையே வெடித்துவிட்டது. வெடித்த தலையோடு எப்படி எழுதுகிறாய் என்று கேட்பாய். கேட்காதே. உன்னோடு பிறந்து நான் பட்ட பாடு இந்தச் செஞ்சிக் கோட்டைக்குக்கூடத் தெரியும்.

போஸ்ட்மேன் வந்து கவரை நீட்டியதும் தையல் கடையில் இருந்த அனந்தபுரத்து அம்மா பயந்துபோய், "கோர்ட்டு நோட்டீஸாம்மா?" என்று கேட்டார். ஆமாம், கோர்ட்டுதான், எங்கள் அண்ணன் ஜட்ஜ் என்றேன். எது பொய் என்று கேட்கிறாயே, எதுவுமே பொய் இல்லை சாமி! அதுதான் வயிறு எரிகிறது. அன்றைக்குக் கேட்டை மூடுகிற மாதிரி வாயையும் கொஞ்சம் மூடி வைத்திருக்கக் கூடாதா?

பெண் பார்க்க வருகிற இடத்தில் எல்லோரும் கூட்டித்தான் பேசுவார்கள். அவர்கள் மட்டும் என்ன? "எங்க ஸ்டீபன் கை பட்டா செத்த மோட்டாரும் எழுந்து ஓடும்" என்று அந்த அம்மா சொன்னார்களா இல்லையா? "எறும்பைக்கூட நசுக்கமாட்டான்" என்றார்களா இல்லையா? நான் என்ன எறும்பைக் கூப்பிட்டு விசாரித்தேனா? அவர்கள் கொஞ்சம் கூட்டுவார்கள், நாம் மனதுக்குள் கொஞ்சம் கழித்துக்கொள்வோம். நாம் கூட்டுவோம், அவர்கள் கழித்துக்கொள்வார்கள். ஆடி மாசத் துணிக்கடை மாதிரி பேச்சுக்கும் தள்ளுபடி உண்டு. ஊர் உலகத்துக்கே தெரிந்தது உனக்கு மட்டும் தெரியவில்லை. நீ உள்ளதை உள்ளபடி சொன்னாய். அவர்கள் அதிலும் வழக்கம்போலக் கழித்துக்கொண்டார்கள். சுமாராகச் சமைப்பாள் என்று தாய்மாமனே சொன்னால் என்ன அர்த்தம்? அடுப்பே பற்ற வைக்கத் தெரியாது என்று அர்த்தம்!

வெட்கமா? உன் வேலையைச் சொல்ல எனக்கு என்னடா வெட்கம்! கேட் கீப்பர் என்றால் அதிலும் பாதியைக் கழிப்பார்களே, அப்புறம் என் அண்ணன் என்று காட்ட என்ன மிஞ்சும் என்றுதான் ரயிலையே உன் கையெழுத்தில் நிறுத்தினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் பெண்ணுக்கு நகை போடுகிறார்கள். அமலாவுக்குப் போட என்னிடம் என்ன இருக்கிறது? அவளுடைய அப்பா போனபிறகு இந்தத் தையல் மிஷின்தான் எனக்கு நிலம், நீச்சு எல்லாம். போடுவதற்குத் தங்கம் இல்லாததால் வார்த்தையைப் போட்டேன். அதையும் நீ கழற்றி எடுத்துவிட்டாய்.

உன் வாயிலிருந்து எனக்கு ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கிறதா இந்த ஜென்மத்தில்? அவர் செத்த அன்றைக்கு ஊரே என்னைக் கட்டிப் பிடித்து அழுதது. நீ வந்தாய், நின்றாய், "கடை சாவி எங்க வெச்சிருக்க?" என்று கேட்டாய். அவ்வளவுதான்.

பிணத்தைப் பார்க்க வராதே என்றது கோபத்தில் சொன்னது. அதற்கும் தள்ளுபடி உண்டு. நீயும் உன் பேச்சை வாபஸ் வாங்கு.

அவலூர்பேட்டையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அமலா ரெண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. நீ சொன்னது சரியாகிவிட்டது, சந்தோஷமா?

லில்லி

*

காட்பாடி
21.10.2025

லில்லிக்கு,

தீபாவளி ஸ்பெஷல்கள் ஓடியதால் மூச்சு விட நேரம் இல்லை. (மூச்சு விட்டேன். இது நீ சொல்வது போல் சொன்னது. எஸ்தர் எழுதச் சொன்னாள்.)

தள்ளுபடி பற்றி எழுதியிருந்தாய். எவ்வளவு கழிக்க வேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? எனக்கு அதுதான் புரியவில்லை. நீ வெயிலில் செத்தேன் என்கிறாய், பசியில் செத்தேன் என்கிறாய், சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்கிறாய். போன வருடம் உனக்கு டைபாய்டு வந்தபோதும் செத்தேன் என்றாய். அன்றைக்கும் நான் கழித்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு கிடந்தாய். அன்றிலிருந்து நீ எது சொன்னாலும் கழிக்கவும் பயம், கழிக்காமல் இருக்கவும் பயம்.

என் வேலை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் போனில், "கேட் மூடியாச்சா?" என்று கேட்பார். மூடியிருந்தால் மூடியாச்சு என்பேன். கிட்டத்தட்ட மூடியாச்சு, மூடின மாதிரிதான் என்று சொல்ல முடியாது. நான் சொல்வதை நம்பித்தான் அவர் ரயிலை விடுகிறார். அவர் கழித்துக்கொண்டால் ரயில் நிற்கும். நான் கூட்டிச் சொன்னால் ஆள் சாவான். நிஜமாகச் சாவான்.

நீயும் அப்படித்தான். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது அரை இன்ச் கூட்டிச் சொல்லமாட்டாய். டேப்பைக் கீழே வைத்ததும்தான் ஆரம்பித்துவிடுகிறாய்.

சாவி கேட்டது நினைவிருக்கிறது. வீடு நிறைய ஆட்கள், கடை திறந்து கிடந்தது. மிஷின் உள்ளே இருந்தது. நாளைக்கு நீ எதை வைத்துப் பிழைப்பாய் என்று நினைத்துத்தான் பூட்டினேன். அதைத் தவிர வேறு என்ன சொல்வது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

வாபஸ் வாங்க முடியாது. நான் சொன்னால் சொன்னதுதான்.

ஒரு கேள்வி. அமலாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரே வார்த்தையில் எழுது.

பெலிக்ஸ்

*

செஞ்சி
28.10.2025

அண்ணா,

ஆமாம்.

ஒரே வார்த்தையில் எழுதிவிட்டேன், பார்த்துக்கொள். இதற்கு மேல் எழுதுவது என் இஷ்டம்.

மழை வானம் பொத்துக்கொண்டு... சரி, மழை பெய்கிறது. கடைக்கு ஆள் வரவில்லை. அமலாவும் நானும் பட்டன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஸ்டீபன் பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே ஒரு தடவை நம் கடைக்கு வந்திருக்கிறான். எனக்கே தெரியாது, இப்போதுதான் சொல்கிறாள். மிஷின் மோட்டார் புகைந்தபோது திண்டிவனம் ரோட்டு எலக்ட்ரிக் கடையில் சொல்லி அனுப்பினேனே, அவர்கள் அனுப்பிய பையன் இவன்தானாம். நான் வல்லத்துக்குத் துணி கொடுக்கப் போயிருந்தேன். "சரியாவுமா?" என்று கேட்டாளாம். "பாத்துட்டுதான் சொல்ல முடியும்" என்றானாம். பார்த்துவிட்டு, "ஆவும். ஆனா ரெண்டு வருசம்தான் தாங்கும்" என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும்.

நான் மெதுவாகக் கேட்டேன், இந்த இடம் தட்டிப்போனால் என்னடி செய்வாய் என்று. "போனா போவுது. நான் ஒண்ணும் செத்துட மாட்டேன்" என்றாள். பட்டனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அண்ணா, அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னை மாதிரி, உயிரே போச்சு, உலகமே இருண்டுபோச்சு என்று ரெண்டு கத்து கத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கத்துகிற எனக்கு நாலு மணி நேரத்தில் ஆறிவிடும். அவள் உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். உள்ளே வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் சுமப்பாள்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். புண்ணியமாய்ப் போகும், சும்மா இரு. செய்தது போதும்.

லில்லி

*

காட்பாடி
7.11.2025

லில்லிக்கு,

நேற்று எனக்கு ரெஸ்ட். திருவண்ணாமலை வழியாக அவலூர்பேட்டை போய் வந்தேன். அருளானந்தம் ஐயா வீட்டில் இருந்தார். வெரோனிகா அம்மா காபி கொடுத்தார்கள். சர்க்கரை கொஞ்சம் அதிகம். சில கேள்விகள் கேட்டார்கள். பதில் சொன்னேன். மாலை பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

பெலிக்ஸ்

*

செஞ்சி
12.11.2025

அடப்பாவி அண்ணா!

வேறு விசேஷம் இல்லையா? சர்க்கரை அதிகம் என்று எழுதத் தெரிந்த உனக்கு, அவர்கள் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று எழுத ஒரு வரி கிடைக்கவில்லையா? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராஜகிரிக் கோட்டை மலையே தலையில் விழுந்த மாதிரி இருக்கிறது. மலை அங்கேயேதான் இருக்கிறது என்று எழுதினாயானால் நானே காட்பாடிக்கு வந்து உன் கேட்டை உடைப்பேன்.

என்ன சொல்லித் தொலைத்தாய்? சுமார் என்றாயா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா? அவள் புளுகுகிறவள், கண்டுகொள்ளாதீர்கள் என்றாயா? நீ சொல்லியிருப்பாய். கேட்டால் சொல்லாமல் இருக்க உனக்குத் தெரியாதே.

எஸ்தர் அண்ணிக்குப் போன் செய்தேன். "எனக்கும் அதேதான் சொன்னாரு லில்லி, சர்க்கரை அதிகம்னு" என்கிறாள். அந்த மகராசி உன்னோடு எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாளோ!

உடனே எழுது.

லில்லி

*

செஞ்சி
25.11.2025

அண்ணா,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. பதில் வேறு வழியில் வந்துவிட்டது.

நேற்று மத்தியானம் வெரோனிகா அம்மா நம் கடைக்கு வந்தார்கள். தனியாக, பஸ்ஸில். கையில் ஒரு ஜாக்கெட் துணி. "அவலூர்பேட்டையில டெய்லரே இல்லையா" என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். அளவு எடுக்கிற போதே பேச்சை எடுத்தார்கள். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை.

"உங்கண்ணன் வந்திருந்தாரும்மா. ஒக்காருங்கன்னா ஒக்காரல, நின்னுக்கினே இருந்தாரு. எங்க வூட்டுக்காரரு நேராவே கேட்டுட்டாரு, 'உங்க தங்கச்சி பேசுறதுல எவ்ளோ நெசம், எவ்ளோ கூட்டு?'ன்னு. அதுக்கு அவரு, 'அவ பேசுறதை வுட்டுடுங்க. அவ செஞ்சதைச் சொல்றேன், அதுல கூட்டு கெடையாது'ன்னாரு."

நான் டேப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"'புருசனை அடக்கம் பண்ண மறுவாரம் மிஷின்ல ஒக்காந்தா. பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் அவளுக்குன்னு ஒரு புதுப்புடவை எடுத்து நான் பாக்கல. எங்க நைனா படுத்த படுக்கையா கெடந்தப்ப எல்லாம் அவதான் அள்ளிப் போட்டா. ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கல. நான் மூத்தவன், நான் செஞ்சிருக்கணும். லீவு இல்லன்னு வந்து வந்து பாத்துட்டுப் போனதோட சரி. எனக்குத் தெரிஞ்ச மனுசங்கள்ல என் தங்கச்சிதான் பெரிய மனுசி. அவ வளத்த பொண்ணு அமலா'ன்னாரு. அவ்ளோதாம்மா. காபியைக் குடிச்சாரு, கெளம்பிட்டாரு."

அப்புறம் அந்த அம்மா சொன்னார்கள், "யாரு வந்து சொன்னாலும் நாங்க கொஞ்சம் கழிச்சுத்தான் எடுத்துக்குவோம். இந்த மனுசன் சொன்னதுல இன்னாத்தைக் கழிக்கிறது? சொந்தத் தங்கச்சி பொண்ணையே சுமாரா சமைப்பான்னு சொன்ன ஆளாச்சே! முழுசாத்தான் எடுத்துக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டு வாரமா வூட்ல இதே பேச்சு. உங்க பொண்ணை எங்களுக்குக் குடுங்க. ரசம் வெச்சா போதும்."

எனக்கு எடுத்த அளவெல்லாம் மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுத்தேன்.

கிறிஸ்மஸ் முடிந்து மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பார்கள். பிப்ரவரி நாலாம் தேதி புதன்கிழமை கல்யாணம். தவக்காலத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று சாமியார் சொன்னார். அமலாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றாள். அப்புறம் பின்கட்டுக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினாள்.

சந்தோஷமான சேதி, நான் ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதித்து எழுத வேண்டும். வரவில்லை. ராத்திரி முழுக்க ஒன்றே ஒன்று மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டில் போய், செருப்பைக் கழற்றிப் போட்டு நின்றுகொண்டு, என்னைப் பற்றி இவ்வளவு சொல்லியிருக்கிறாய். நைனாவுக்குச் செய்தபோது சொல்லவில்லை. அமலாவின் அப்பா செத்தபோது சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது சொல்லவில்லை. என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன அண்ணா?

லில்லி

*

காட்பாடி
1.12.2025

லில்லிக்கு,

தேதி கிடைத்தது. பிப்ரவரி மூன்று, நான்கு, ஐந்து மூன்று நாளும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாமன் முறைக்குப் புடவை எடுக்க எஸ்தர் ஆரணி போகலாம் என்கிறாள். மாலை செஞ்சியிலேயே சொல்லிவிடு.

உன்னிடம் பேசுவது பற்றி இங்கே பங்குச் சாமியாரைக் கேட்டேன். "கோவத்துல சொன்னது சத்தியம் ஆவாதுப்பா, அதெல்லாம் வாய் வார்த்தை" என்றார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. நைனா பெயரைச் சொல்லிவிட்டேன். கல்யாணத்தில் என் வேலைகளைக் குறைவில்லாமல் செய்வேன். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் எஸ்தர் மூலமாகச் சொல்கிறேன்.

உன் கடைசிக் கேள்விக்குப் பதில். சொல்லக் கூடாது என்று நான் வைத்திருக்கவில்லை. அவர்கள் கேட்டார்கள், சொன்னேன். நீ ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை.

பெலிக்ஸ்

*

செஞ்சி
6.12.2025

அண்ணா,

நீ எழுதியது சரி. நான் கேட்டதில்லை. கேட்டால், "சுமார்" என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். சின்ன வயதிலிருந்தே பயம். ஊரில் யார் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுவிடுவேன். நீ சொன்னால் அது அப்படியே நின்றுவிடும் என்று தெரியும். அதனால்தான் நீ வாயைத் திறப்பதற்குள் நானே எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்தன்றைக்குக் கோயிலில் அமலாவின் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நீ நிற்கப் போகிறாய். அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகப் போகிறாய். பின்னால் நான் ஒருத்தியாக நடந்து வருவேன். எனக்கென்று யாரும் இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறவன் நீ ஒருத்தன்தான் என்று சொல்கிறேன்.

அந்த வெரோனிகா அம்மா சொன்னதை நான் தினமும் மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். அவர்கள் குரலில்தான் வருகிறது. உன் குரலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது கேட்கிறேன் அண்ணா. நான் எப்படி?

எஸ்தர் அண்ணியிடம் சொல்லி அனுப்பாதே. எழுதியும் போடாதே. வந்து சொல்.

லில்லி